நிறுத்தும் கையெழுத்து

2014 ஜனவரியில் கூகுள், லண்டனில் இருந்த டீப்மைண்ட் என்ற சிறு கம்பெனியை வாங்கியது. விலை சுமார் 40 கோடி பவுண்டு என்று பத்திரிகைகள் எழுதின. டெமிஸ் ஹசாபிஸ், ஷேன் லெக், முஸ்தஃபா சுலைமான் மூவரும் 2010இல் தொடங்கிய கம்பெனி அது. விற்கும்போது பணத்தோடு வேறு இரண்டையும் கேட்டு வாங்கினார்கள். எங்கள் தொழில்நுட்பம் ராணுவ வேலைக்குப் போகக்கூடாது. அது எதற்குப் பயன்படுகிறது என்று கண்காணிக்க ஓர் அறநெறிக் குழு வேண்டும். கூகுள் இரண்டுக்கும் சம்மதித்தது. செயற்கை நுண்ணறிவுக் கம்பெனிகளுக்குள் அறநெறி ஓர் உத்தியோகமாக மாறிய கதையை நான் அந்தக் கைமாற்றத்திலிருந்துதான் தொடங்குவேன். அந்தக் குழுவில் யார் யார் இருந்தார்கள் என்பதைக் கம்பெனி வெளியே சொல்லவே இல்லை.

வங்கியில் உள்தணிக்கை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். 'குழு அமைக்கப்பட்டுள்ளது' என்ற வரியைக் கண்டால் என் கை தானாகப் பென்சிலைத் தேடும். உறுப்பினர்கள் யார்? நியமித்தவர் யார்? எப்போது கூடினார்கள், நடவடிக்கைக் குறிப்பேடு எங்கே? அவர்கள் வேண்டாம் என்றால் காரியம் நிற்குமா? கடைசிக் கேள்விதான் உயிர்நாடி. மற்றதெல்லாம் அதற்குப் போகும் வழி.

எங்கள் தொழிலும் ஒரு காலத்தில் பல் இல்லாமல்தான் இருந்தது. ஒரு கிளைக்குப் போவோம். கடன் கோப்பில் அடமானப் பத்திரம் இல்லை என்று எழுதுவோம். மேலாளர் காபி வரவழைத்து, "எழுதிக்கோங்க மேடம், பதில் போட்டுடறோம்" என்பார். பதிலும் வரும்: 'கவனத்தில் கொள்ளப்பட்டது.' அடுத்த தணிக்கைக்குப் போனால் பத்திரம் இருக்காது, அதே பதில் மட்டும் புதுத் தேதியோடு இருக்கும். 1992இல் பங்குத் தரகர் ஹர்ஷத் மேத்தாவின் மோசடி விவகாரம் வெடித்து, ஆதாரமாகப் பத்திரமே இல்லாத வங்கி ரசீதுகள் வெளிச்சத்துக்கு வந்த பிறகுதான், 1993இல் ரிசர்வ் வங்கி கன்கரண்ட் ஆடிட்டைக் கொண்டுவந்தது. எல்லாம் முடிந்தபின் வந்து பார்ப்பதை விட்டு, காரியம் நடக்கும்போதே பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது. அதனால் மோசடி ஒழிந்துவிட்டதா என்று கேட்காதீர்கள். ஆனால் எங்கள் முதுகுக்குப் பின்னால், வங்கிக்கு வெளியே, ஓர் அதிகாரம் நின்றது. மேலாளருக்கும் அது தெரியும். இந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டுதான் நான் கம்ப்யூட்டர் கம்பெனிகளின் இந்தப் பத்துப் பன்னிரண்டு வருடக் கதையைப் படிக்கிறேன். வேறு கண்ணாடி என்னிடம் இல்லை.

டீப்மைண்டுக்கே இன்னொரு குழுவும் இருந்தது. அதைப் பற்றி அதிகம் பேர் பேசுவதில்லை. எனக்கோ இந்தக் கதையில் மிகவும் பிடித்த குழு அதுதான். லண்டனின் ராயல் ஃப்ரீ மருத்துவமனை நிர்வாகம் 2015இல் டீப்மைண்டோடு ஓர் ஒப்பந்தம் போட்டது. சிறுநீரகம் திடீரெனப் பழுதாவதை முன்கூட்டியே மருத்துவருக்குச் சொல்லும் 'ஸ்ட்ரீம்ஸ்' என்ற செயலிக்காக. நோக்கத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதற்காகச் சுமார் 16 லட்சம் நோயாளிகளின் விவரங்கள் கைமாறின, நோயாளிகளுக்குச் சரியாகத் தெரிவிக்காமலே. 2017 ஜூலையில் பிரிட்டனின் தகவல் ஆணையர், மருத்துவமனை தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைக் கடைப்பிடிக்கவில்லை என்று தீர்ப்பளித்தார். தீர்ப்பு மருத்துவமனை மேல்தான், டீப்மைண்ட் மேல் இல்லை. 

இந்தச் சர்ச்சை கிளம்பிய 2016இலேயே, டீப்மைண்டின் மருத்துவப் பிரிவு தன்னைத் தானே கண்காணிக்க 'சுயேச்சை மதிப்பாய்வாளர்கள்' என்று ஒன்பது பேரை அமர்த்தியிருந்தது. முன்னாள் எம்.பி. ஜூலியன் ஹப்பர்ட் தலைவர். பெயர்கள் வெளியே தெரிந்தன. அறிக்கைகள் 2017இலும் 2018இலும் பொதுவெளியில் வந்தன. என் பென்சில் கேட்கும் கேள்விகளில் பாதிக்கு இங்கே பதில் இருந்தது! இரண்டாவது அறிக்கை இன்னும் ஒரு படி போய், இந்த மருத்துவப் பிரிவுக்கும் தாய்க் கம்பெனிக்கும் உள்ள உறவு என்ன, இதன் வியாபார வழி என்ன, மருத்துவமனைகள் ஒரே கம்பெனியிடம் மாட்டிக்கொள்ளுமா என்றெல்லாம் கேட்டது. சில மாதங்களில், 2018 நவம்பரில், ஸ்ட்ரீம்ஸ் குழு கூகுளின் மருத்துவப் பிரிவோடு இணையும் என்று அறிவித்தார்கள். மதிப்பாய்வாளர் குழு பிரிட்டனில் இயங்கும் ஒரு சிறு பிரிவுக்காக ஏற்பட்டது, உலகளாவிய அமைப்புக்கு அது பொருந்தாது என்று சொல்லிக் கலைத்துவிட்டார்கள்.

யாரும் யாரையும் திட்டவில்லை, நீக்கவில்லை. கிளையை இன்னொரு வட்டாரத்தோடு இணைத்தால் பழைய தணிக்கைக் குறிப்புகள் என்ன ஆகும் என்பது வங்கிக்காரர்களுக்குத் தெரியும். இந்தத் தொழிலில் ஆட்சேபங்கள் பெரும்பாலும் மறுக்கப்பட்டுச் சாவதில்லை, நிர்வாக மாற்றத்தில் முகவரி இழந்து சாகின்றன. டீப்மைண்டின் நிறுவனர்கள் தங்களுக்குச் சட்டப்படி தனி அமைப்பு வேண்டும் என்று கூகுளோடு பல வருடம் பேசினார்கள். அந்தப் பேச்சும் ஒன்றும் ஆகாமல் முடிந்ததென்று 2021இல் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் எழுதியது.

அடுத்து 2018. அமெரிக்க ராணுவத் தலைமையகத்துக்கு 'புராஜெக்ட் மேவன்' என்றொரு திட்டம். ட்ரோன் எடுக்கும் வீடியோவில் என்ன இருக்கிறது என்று கணினியே அடையாளம் காண வேண்டும். அதில் கூகுள் இருக்கிறது என்று அந்த மார்ச்சில் வெளியே தெரிந்ததும் ஊழியர்கள் கொதித்தார்கள். மூவாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் கையெழுத்திட்ட கடிதம் கூகுளின் தலைமை நிர்வாகி சுந்தர் பிச்சைக்குப் போனது. சிலர் வேலையை விட்டார்கள். ஜூன் தொடக்கத்தில், ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டோம் என்று கம்பெனி சொன்னது. ஜூன் 7 அன்று பிச்சை தன் பெயரில் செயற்கை நுண்ணறிவுக் கொள்கைகளை வெளியிட்டார். செய்ய விரும்பும் நல்லவை ஏழு, செய்யவே மாட்டோம் என்பவை நான்கு. ஆயுதம் அந்த நான்கில் ஒன்று, சர்வதேச நெறிகளை மீறும் கண்காணிப்பு இன்னொன்று. மதுரையில் பிறந்தவர் என்பதால் நம் ஊர்ப் பத்திரிகைகள் அவர் சாப்பிடும் சாம்பாரைப் பற்றி எழுதும் அளவுக்கு இந்த நான்கு வரிகளைப் பற்றி எழுதவில்லை.

இங்கே ஒன்றைக் கவனிக்கச் சொல்வேன். மேவனை நிறுத்தியது எந்த அறநெறிக் குழுவும் இல்லை. வேலை செய்பவர்கள் சேர்ந்து வேலையை மறுத்தார்கள், அதனால் நின்றது. கொள்கை அதற்குப் பின்னால் வந்தது. கொள்கையை எழுதியவர்களே அதைத் திருத்தவும் முடியும் என்பதை அப்போது பெரிதாக யாரும் பேசவில்லை. 2025 பிப்ரவரியில், செய்யவே மாட்டோம் என்ற அந்த நான்கும் கூகுளின் பக்கத்திலிருந்து காணாமல் போயின. புதிய வடிவத்தை விளக்கிய கட்டுரையில் கையெழுத்திட்ட இருவரில் ஒருவர் டெமிஸ் ஹசாபிஸ். பதினொரு வருடம் முன்பு ராணுவத்துக்கு வேண்டாம் என்று நிபந்தனை போட்டு விற்ற அதே மனிதர்.

கொள்கை வெளியான மறுவருடம் கூகுள் ஒரு வெளியார் ஆலோசனைக் குழுவையும் அமைத்துப் பார்த்தது. 2019 மார்ச் 26 அன்று எட்டுப் பெயர்களை அறிவித்தார்கள். அதில் ஒருவர் ஹெரிட்டேஜ் ஃபவுண்டேஷன் என்ற வலதுசாரி அமைப்பின் தலைவர். அவரை எதிர்த்து ஊழியர்கள் இரண்டாயிரத்துக்கு மேல் கையெழுத்துப் போட்டார்கள். ஏப்ரல் 4 அன்று குழு கலைந்தது. ஒரு கூட்டம்கூட நடக்கவில்லை. இதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். என்னைக் கேட்டால் இதில் தெரிந்துகொள்ள அதிகம் இல்லை. வருடத்துக்கு நான்கு முறை கூடி ஆலோசனை சொல்ல இருந்த குழு அது. இருந்திருந்தாலும் காபியும் 'கவனத்தில் கொள்ளப்பட்டது'ம்தான்.

கூகுளுக்கு உள்ளே அப்போது உண்மையான அறநெறிக் குழு ஒன்று வேலை செய்துகொண்டிருந்தது. மார்கரெட் மிட்செல் அதைத் தொடங்கி வளர்த்தவர். 2018இல் டிம்னிட் கெப்ரு இணைத் தலைவராக வந்து சேர்ந்தார். எத்தியோப்பியாவில் எரித்திரியக் குடும்பத்தில் பிறந்து, பதின்ம வயதில் அமெரிக்காவுக்கு அகதியாக வந்து, ஸ்டான்ஃபோர்டில் டாக்டர் பட்டம் பெற்றவர். இந்தக் குழு உருப்படியான வேலைகளைச் செய்தது. ஒரு செயற்கை நுண்ணறிவு மாதிரி எதற்காகச் செய்யப்பட்டது, யார்மேல் சோதிக்கப்பட்டது, எங்கே தவறும் என்று ஒரே படிவத்தில் எழுதி அதனோடு இணைக்கும் 'மாடல் கார்டு' வழக்கம் 2019இல் இவர்கள் எழுதிய கட்டுரையிலிருந்து வந்ததுதான். இன்று பெரிய கம்பெனிகள் பலவும் அதை வெளியிடுகின்றன. எனவே உள்ளே இருந்து ஒன்றுமே சாதிக்க முடியாது என்று சொல்ல எனக்கு மனம் வராது. படிவம் கேட்டால் கம்பெனி தரும். பிரச்சினை படிவத்தைத் தாண்டும்போது வருகிறது.

2020இல் கெப்ருவும் மிட்செலும், வாஷிங்டன் பல்கலைக்கழக மொழியியலாளர் எமிலி பெண்டர் முதலியோரும் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார்கள். குவித்த எழுத்தில் பயின்று தானே எழுதும் பெரிய மொழி மாதிரிகளைக் கிளிகளாகப் பார்க்கும் தலைப்பு. சொல்லும் பொருள் அப்படி ஒன்றும் ரகசியமானதல்ல. இந்த மாதிரிகளைப் பயிற்றுவிக்க ஆகும் மின்சாரம் எவ்வளவு, அதன் சுமை யார் தலையில் விழுகிறது? இணையத்தில் கிடைப்பதையெல்லாம் அள்ளிப்போட்டால் அதில் யாருடைய குரல் அதிகம் இருக்கும்? ஜிபிடி-2 மாதிரிக்கு ரெடிட் தளத்தில் பகிரப்பட்ட இணைப்புகளிலிருந்து எழுத்தைச் சேர்த்தார்கள். அமெரிக்காவில் ரெடிட் பயனர்களில் 67 சதவீதம் ஆண்கள், 64 சதவீதம் 18 முதல் 29 வயதுக்குள் இருப்பவர்கள் என்ற கணக்கை அந்தக் கட்டுரை எடுத்துக் காட்டியது. எதைக் கொட்டினோம் என்று பதிவு செய்யக்கூட முடியாத அளவுக்குத் தரவைக் குவித்தால் பின்னால் யாராலும் தணிக்கை செய்ய முடியாது என்றது. இந்த இடத்தைப் படித்தபோது எனக்கு ஒரு சகோதரி கிடைத்தது போலிருந்தது. ரசீது இல்லாத வரவைப் பேரேட்டில் ஏற்றாதே என்பதைத்தான் அவர்கள் வேறு பாஷையில் சொல்லியிருக்கிறார்கள்.

ஆனால் அந்த வருடம் கூகுளின் ஆங்கிலத் தேடலில் ஏறக்குறைய ஒவ்வொரு கேள்வியும் பெர்ட் என்ற மொழி மாதிரி வழியாகப் போய்க்கொண்டிருந்தது. அதாவது கட்டுரை கை வைத்த இடம் கடையின் கல்லாப்பெட்டி.

நவம்பரில் மேலதிகாரிகள், கட்டுரையைத் திரும்பப் பெறு, இல்லாவிட்டால் கூகுள்காரர்களின் பெயரை எடு என்றார்கள். 128 மேற்கோள் நூல்களைக் காட்டிய கட்டுரை, சமீபத்திய ஆய்வுகளைக் கவனிக்கவில்லை, வெளியிடும் தரத்தில் இல்லை என்பது ஆய்வுப் பிரிவின் தலைவர் ஜெஃப் டீன் பிறகு சொன்ன காரணம். யார் படித்துப் பார்த்து இந்த முடிவுக்கு வந்தார்கள், அவர்கள் எழுதியது என்ன என்று கெப்ரு கேட்டார். அதைச் சொல்லாவிட்டால் எப்போது விலகுவது என்று பேசிக்கொள்ளலாம் என்றார். பெண் ஊழியர்கள் இருந்த ஒரு மின்னஞ்சல் பட்டியலில் தன் வருத்தத்தையும் எழுதினார். 2020 டிசம்பர் 2 அன்று, அவர் விடுப்பில் இருந்தபோது, உங்கள் ராஜினாமா உடனே ஏற்கப்பட்டது என்று பதில் வந்தது. நான் ராஜினாமா செய்யவில்லை, என்னை நீக்கிவிட்டார்கள் என்பது அவர் வாதம். இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட கூகுள் ஊழியர்கள் அவருக்காகக் கையெழுத்திட்டார்கள். 2021 பிப்ரவரியில் மிட்செலும் நீக்கப்பட்டார். கம்பெனிக் கோப்புகளை வெளியே அனுப்பினார் என்பது கம்பெனி சொன்ன காரணம். மார்ச்சில் கட்டுரை வெளிவந்தபோது அவர் பெயர் 'ஷ்மார்கரெட் ஷ்மிட்செல்' என்று இருந்தது. பெயரை எடுக்கச் சொன்னவர்களுக்கு அப்படி ஒரு பதில்.

இந்த விவகாரத்தில் என்னை உறுத்துவது வேலைநீக்கம்கூட இல்லை, அது எங்கும் நடப்பது. யார் ஆட்சேபித்தார் என்று சொல்ல மறுத்த அந்த மதிப்பாய்வுதான் உறுத்துகிறது. தணிக்கையாளர் எழுதிய குறிப்பின்மேல் கிளை மேலாளர் பதில் எழுதலாம், சண்டை போடலாம். ஆனால் பெயரும் கையெழுத்தும் இல்லாமல் எழுத முடியாது. இங்கே தணிக்கை செய்ய வந்தவரையே பெயரில்லாத ஒருவர் தணிக்கை செய்திருக்கிறார். 'எச்சரிக்கையாகக் கையாள வேண்டிய விஷயங்கள்' என்று ஒரு கூடுதல் ஆய்வுமுறை அந்த வருடமே கூகுளில் வந்திருந்தது என்றும், ஒரு கட்டுரையின் ஆசிரியர்களிடம் தொனியைக் கொஞ்சம் நம்பிக்கையாக மாற்றச் சொன்னார்கள் என்றும் ராய்ட்டர்ஸ் பிறகு எழுதியது.

இதே கெப்ரு அதற்குமுன் செய்த வேலை ஒன்றை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். எம்.ஐ.டி.யில் மாணவியாக இருந்த ஜாய் புவோலம்வினியும் அவரும் 2018இல் முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மூன்று வணிக மென்பொருள்களைச் சோதித்த முடிவை வெளியிட்டார்கள். ருவாண்டா, செனகல், தென்னாப்பிரிக்கா, ஐஸ்லாந்து, பின்லாந்து, ஸ்வீடன் நாடாளுமன்ற உறுப்பினர்களின் 1,270 படங்கள். வெளுத்த நிற ஆண்களிடம் பிழை அதிகபட்சம் 0.8 சதவீதம். கறுத்த நிறப் பெண்களிடம் ஐபிஎம் மென்பொருள் 34.7 சதவீதம் தவறியது, மைக்ரோசாஃப்ட் 20.8. கம்பெனிகளின் பெயரோடு, அருகருகே, அட்டவணையாக அச்சானது. அடுத்த வருடம் ஆய்வாளர் டெபொரா ராஜியும் புவோலம்வினியும் வெளியிட்ட மறுசோதனையில் மைக்ரோசாஃப்டின் பிழை 1.52 சதவீதமாக இறங்கியிருந்தது. ஐபிஎம் 16.97. முதல் சுற்றில் பெயர் வராத அமேசானோ அந்தச் சோதனையில் 31 சதவீதத்துக்கு மேல் தவறியது.

முதல் சோதனை வெளியான சமயத்தில் கெப்ரு மைக்ரோசாஃப்டின் ஆய்வுப் பிரிவில்தான் இருந்தார் என்பதையும் சொல்லவேண்டும். எனவே 'உள்ளே இருந்தால் முடியாது, வெளியே இருந்தால் முடியும்' என்று கோடு கிழித்துவிட முடியாது. வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. முக மென்பொருளின் பிழையைத் திருத்தினால் சரக்கு நல்ல சரக்காகும், விற்பனை நிற்காது. பேர் கெடுவதைவிடத் திருத்துவது மலிவு. மொழி மாதிரிக் கட்டுரையோ சரக்கின் அளவையே கேள்வி கேட்டது. அதற்குத் திருத்தம் என்று ஒன்று கிடையாது, செய்யாதிருத்தல்தான். செய்யாதே என்று சொல்லும் அதிகாரத்தை, நான் பார்த்தவரை, எந்தக் கம்பெனியும் தன் அறநெறிக் குழுவுக்கு எழுதிக் கொடுத்ததில்லை.

மற்ற கம்பெனிகளைச் சீக்கிரம் கடந்துவிடலாம், கதை ஒன்றுதான். ட்விட்டரில் ரம்மான் சௌத்ரியின் குழு, படங்களைத் தானாக வெட்டும் நிரல் வெள்ளை முகங்களின் பக்கம் சாய்வதை ஆராய்ந்து வெளியிட்டது, வெட்டும் முறையையே கம்பெனி மாற்றியது. எலான் மஸ்க் வாங்கிய சில நாட்களில், 2022 நவம்பரில், குழுவே இல்லை. மைக்ரோசாஃப்டில் அறநெறி மற்றும் சமூகக் குழுவில் 2020இல் சுமார் 30 பேர் இருந்தார்கள். 2022 அக்டோபரில் அது ஏழானது, 2023 மார்ச்சில் பூஜ்யம். தாங்கள் பணம் போட்டிருந்த ஓபன்ஏஐ கம்பெனியின் மாதிரிகளை எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் வாடிக்கையாளர் கையில் சேர்க்க மேலிடத்திலிருந்து அழுத்தம் அதிகம் என்று அந்தக் குழுவிடமே ஒரு துணைத் தலைவர் சொன்ன ஒலிப்பதிவு வெளியே வந்தது. பொறுப்பான செயற்கை நுண்ணறிவுக்கு அங்கே தனி அலுவலகம் இன்றும் உண்டு, விதிகளை எழுதுகிறது. கலைத்தது, அந்த விதியை எடுத்துக்கொண்டு பொறியாளர் மேசைக்குப் போய் உட்கார்ந்தவர்களை. கன்கரண்ட் ஆடிட்டை எடுத்துவிட்டு, சுற்றறிக்கையை மட்டும் வைத்துக்கொண்ட கணக்கு. மெட்டாவின் பொறுப்புக் குழு 2023 நவம்பரில் பிரிக்கப்பட்டு, ஆட்கள் பெரும்பாலும் சரக்கு தயாரிக்கும் பிரிவுக்குப் போனார்கள்.

இந்த உத்தியோகத்தில் இருந்தவர்களைப் பேட்டி கண்டு ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2023இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அதில் சொன்ன மூன்று இடைஞ்சல்களும் எனக்குப் பழகிய முகங்கள். வெளியீட்டுத் தேதி முன்னால் நிற்கும்போது அறம் பின்னால் நிற்கும். பயனர் எண்ணிக்கையை அளக்க முடியும், தவிர்க்கப்பட்ட தீங்கை அளக்க முடியாது. இன்று சம்மதிக்கவைத்த அதிகாரி அடுத்த சீரமைப்பில் வேறு பிரிவுக்குப் போய்விடுவார், மறுபடி முதலிலிருந்து. தங்களைப் பார்த்து எரிச்சலடையாத குழுவாகத் தேடிப் போய், உதவட்டுமா என்று கேட்டு வேலை செய்யவேண்டியிருந்தது என்கிறார்கள். அழைத்தால் மட்டும் வரும் தணிக்கையாளரை எந்தத் திருடனும் அழைப்பதில்லை.

அரிசோனாவில் இருக்கும் ஆக்ஸான் கம்பெனியின் கதை மட்டும் கொஞ்சம் வேறு. டேசர் என்னும் மின்னதிர்ச்சித் துப்பாக்கியும், போலீஸ்காரர் மார்பில் மாட்டும் கேமராவும் அவர்கள் தயாரிப்பு. 2018இல் சட்டப் பேராசிரியர்கள், முன்னாள் போலீஸ் அதிகாரிகள், மனித உரிமைக்காரர்கள் என்று பலதரப்பட்ட ஓர் அறநெறி வாரியம் வைத்தார்கள். மறு வருடம், மார்புக் கேமராவில் முகம் அடையாளம் காணும் வசதி வேண்டாம் என்று வாரியம் சொன்னது. கம்பெனி கேட்டுக்கொண்டது! விற்கக்கூடிய ஒன்றை, ஆலோசனைக் குழு சொன்னதற்காக, விற்காமல் விட்டார்கள். இந்த வரலாற்றில் எனக்குத் தெரிந்து இப்படிப்பட்ட தருணங்கள் மிகக் குறைவு.

பிறகு 2022. டேசர் பொருத்திய ட்ரோனைப் போலீஸிடம் சிறிய அளவில் கொடுத்துப் பார்க்கலாமா என்று வாரியத்தைக் கேட்டார்கள். பல மாத விவாதத்துக்குப் பிறகு எட்டுக்கு நான்கு என்று வாரியம் வேண்டாமென்றது. மே 24 அன்று டெக்சஸின் உவால்டி ஊரில் ஒருவன் பள்ளிக்குள் புகுந்து 19 குழந்தைகளையும் இரண்டு ஆசிரியர்களையும் சுட்டுக் கொன்றான். ஜூன் 2 அன்று ஆக்ஸானின் தலைவர் ரிக் ஸ்மித், பள்ளிகளில் பொருத்த டேசர் ட்ரோன் செய்யப்போகிறோம் என்று அறிவித்தார். வாரியம் விவாதித்தது போலீஸ் கையில் இருக்கும் ட்ரோனை. பள்ளிக்கூடக் கூரையில் தொங்கும் ட்ரோனைப் பற்றி அவர்களிடம் கேட்கவே இல்லை. ஒன்பது பேர் விலகுவதாக முடிவெடுத்தார்கள். செய்தி வெளியாகும் தறுவாயில் ஜூன் 5 அன்று ஸ்மித் திட்டத்தை நிறுத்திவைத்தார், மறுநாள் ராஜினாமாக் கடிதம் வெளியானது.

அந்த ஒன்பது பேர்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனாலும் ஒரு சங்கடமான உண்மையைச் சொல்லாமல் முடியாது. வாரியத்தின் வாக்கு நிறுத்தாததை, வாரியத்தின் விலகல் நிறுத்தியது. விலகல் என்ற அந்த ஆயுதத்தை ஒருமுறைதான் பயன்படுத்த முடியும். அடுத்த திட்டம் வரும்போது வாரியத்தில் அவர்கள் இல்லை.

'அப்படியானால் நிறுத்தும் அதிகாரத்தைச் சட்டப்படி கொடுத்துவிட்டால் போதுமே' என்று யாராவது கேட்டால், நானும் 2023 நவம்பர் வரை ஆமாம் என்றிருப்பேன். ஓபன்ஏஐ 2015இல் லாபநோக்கற்ற அமைப்பாகத் தொடங்கியது. பிறகு பணம் திரட்ட ஒரு கம்பெனியைக் கீழே அமைத்தாலும், மேலே இருந்த லாபநோக்கற்ற வாரியத்துக்குத்தான் முழு அதிகாரம். பெரிய முதலீட்டாளரான மைக்ரோசாஃப்டுக்கு அதில் இடம் கிடையாது. நியமனம், நீக்கம், நிறுத்தம் எல்லாம் அவர்கள் கையெழுத்தில். காகிதத்தில் இதைவிடச் சுத்தமான ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை. நவம்பர் 17 அன்று அந்த வாரியம் தலைமை நிர்வாகி சாம் ஆல்ட்மனை நீக்கியது. எங்களிடம் எப்போதும் ஒளிவுமறைவில்லாமல் பேசவில்லை என்று ஒரு வரிக் காரணம். அதற்குமேல் ஆதாரம் எதையும் வெளியே வைக்கவில்லை.

ஐந்து நாளில் எல்லாம் தலைகீழானது. சுமார் 770 ஊழியர்களில் எழுநூற்றுக்கு மேற்பட்டவர்கள், அவரைத் திரும்ப எடுக்காவிட்டால் மைக்ரோசாஃப்டுக்குப் போய்விடுவோம் என்று கையெழுத்திட்டார்கள். சுமார் 1,300 கோடி டாலர் போட்டிருந்த மைக்ரோசாஃப்ட், எல்லோருக்கும் வேலை தருகிறேன் என்றது. ஊழியர்கள் தங்கள் பங்குகளை விற்கும் ஏற்பாடு ஒன்று, கம்பெனியின் மதிப்பை 8,600 கோடி டாலராக வைத்து, முடியும் தறுவாயில் இருந்தது. ஆல்ட்மன் திரும்பினார், நீக்கியவர்களில் பெரும்பாலோர் வாரியத்தை விட்டு வெளியேறினார்கள். மேவனில் ஊழியர் கையெழுத்து கம்பெனியைத் தடுத்தது. இங்கே ஊழியர் கையெழுத்து கண்காணிப்பவரைத் தடுத்தது. ஒரு தணிக்கையாளராக நான் அந்த வாரியத்தைக் குறை சொல்லவும் செய்வேன். இவ்வளவு பெரிய ஆட்சேபத்தை எழுதுகிறவர், பின்னால் இருக்கும் வேலைத்தாள்களை மேசைமேல் வைக்கவேண்டும். வைக்காமல் போட்ட கையெழுத்தை யாரும் நம்பவில்லை. ஆனால் வைத்திருந்தால் வென்றிருப்பார்களா? எனக்கு நிச்சயமில்லை. வங்கி தணிக்கையாளருக்குப் பின்னால் ரிசர்வ் வங்கி நின்றது என்றேனே, அந்த வாரியத்துக்குப் பின்னால் யாரும் இல்லை.

அதே கம்பெனி 2023 ஜூலையில் ஒரு பாதுகாப்பு ஆய்வுக் குழுவை அறிவித்திருந்தது. அதுவரை தாங்கள் சேர்த்துவைத்த கணினி ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கை நான்கு வருடத்துக்கு அதற்கே ஒதுக்குவதாகச் சொன்னார்கள். இல்யா சுட்ஸ்கேவரும் யான் லைக்கியும் தலைவர்கள். 2024 மே மாதம் இருவரும் விலகினார்கள். கணினி ஆற்றலுக்கே போராடவேண்டியிருந்தது, பளபளக்கும் சரக்குகளுக்குப் பின்னால் பாதுகாப்பு தள்ளப்பட்டுவிட்டது என்ற பொருளில் லைக்கி வெளிப்படையாக எழுதினார். குழு கலைந்தது.

அந்த மாதமே இன்னொன்றும் வெளியே வந்தது. வேலையை விட்டுப் போகிறவர்கள் கம்பெனியைப் பற்றிக் குறையாகப் பேசமாட்டேன் என்று எழுதிக் கொடுக்கவேண்டும், இல்லாவிட்டால் ஏற்கெனவே சம்பாதித்த பங்குகளையும் இழக்க நேரிடும் என்ற காகிதங்கள். கண்டனம் எழுந்ததும் கம்பெனி அந்த நிபந்தனையைக் கைவிட்டது. ஜூனில், ஓபன்ஏஐயிலும் டீப்மைண்டிலும் இருந்தவர்களும் இருப்பவர்களுமாகப் பதின்மூன்று பேர், எச்சரிக்கும் உரிமை எங்களுக்கு வேண்டும் என்று பொதுக் கடிதம் எழுதினார்கள். சிலர் பெயரைச் சொல்லவில்லை. பத்து வருடத்தில் கேள்வி எங்கே வந்து நிற்கிறது பாருங்கள். 2014இல் கேட்டது, தீங்கைத் தடுக்க ஒரு குழு. 2024இல் கேட்டது, தீங்கைப் பார்த்து வெளியே சொன்னால் தண்டிக்கமாட்டோம் என்ற ஒரு வாக்குறுதி.

அதில் ஒரு பகுதியைக் கலிஃபோர்னியா கொடுத்திருக்கிறது. 2025 செப்டம்பரில் அங்கே ஆளுநர் கையெழுத்திட்ட சட்டம், மிகப் பெரிய மாதிரிகளைச் செய்யும் கம்பெனிகள் தங்கள் பாதுகாப்பு நடைமுறையை வெளியிடவேண்டும் என்கிறது. மீறினால் ஒவ்வொரு மீறலுக்கும் பத்து லட்சம் டாலர் வரை அபராதம். பாதுகாப்பு அபாயங்களை மதிப்பிடும் வேலையில் இருக்கும் ஊழியர், பேரழிவு அபாயத்தைப் பற்றி அரசிடம் புகார் செய்தால் அவரைப் பழிவாங்கக்கூடாது என்றும் சொல்கிறது. கம்பெனிக்கு வெளியே ஓர் அதிகாரம் அந்த ஊழியர்கள் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்கிறது.

நான் பழக்கதோஷத்தில் வரையறைப் பிரிவைத்தான் முதலில் தேடினேன். பேரழிவு அபாயம் என்பதற்கு ஒரே சம்பவத்தில் ஐம்பது பேருக்கு மேல் மரணமோ கடுமையான காயமோ, அல்லது நூறு கோடி டாலருக்கு மேல் சொத்துச் சேதமோ என்று அளவு வைத்திருக்கிறார்கள். முகத்தைத் தவறாகக் கண்டுகொள்ளும் மென்பொருள் அந்த அளவுக்குள் வராது. நோயாளிகளின் விவரங்கள் அவர்களுக்குத் தெரியாமல் கைமாறினால் வராது. எதைக் கொட்டிப் பயிற்றுவித்தோம் என்ற பதிவே இல்லை என்று எழுதிய அந்தக் கிளிக் கட்டுரையும் வராது.